மாளிகைப் படம் காட்டி வேலை பிடிக்கிறார்கள்: மட்டக்களப்பு, அம்பாறையில் வீடு கட்டுவோர் கவனத்துக்கு

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுக்க வாசியுங்கள். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி ஊரில் வீடு கட்டுவிக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள். உள்அலங்கார வேலை செய்து தருகிறோம் என்று டேப்லெட்டில் படம் காட்டி அட்வான்ஸ் வாங்கும் ஒருவர் எங்கள் குடும்பத்தை ஏமாற்றியிருக்கிறார். அவர் காட்டிய படங்கள் எங்கோ விற்பனைக்கு விட்டிருந்த கோடீஸ்வர வீடுகளின் விளம்பரப் படங்கள். இதே முறையில் வேறு வீடுகளிலும் வேலை பேசப்படுகிறது என்று அறிந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

வீடு என் தங்கச்சியுடையது. கல்லடியில், ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். காணி அப்பா கொடுத்தது. காசின் பெரும்பகுதி தம்பி சுவிஸில் இரவு வேலை செய்து அனுப்பியது. ஓடு போட்டு, பூச்சு முடிந்து, நிலத்துக்கு டைல்ஸும் பதித்தாயிற்று. குசினியில் பென்ட்ரி கபேட், ஹோலில் டிவி சுவர், சீலிங், அறைகளுக்கு அலுமாரி, இவ்வளவுதான் மிச்சம்.

அந்த நேரம்தான் இவர் வந்தார். நல்ல பேச்சு, நல்ல உடுப்பு. டேப்லெட்டைத் திறந்து ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினார். வெள்ளை மார்பிளில் சாம்பல் கோடு ஓடும் குசினி மேடை. கறுப்புக் கல்லுக்கு நடுவே தங்கக் கோடு வைத்த டிவி சுவர். இரண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடி போட்ட ஹோல். "இதெல்லாம் நாங்க செஞ்ச வேலைதான் அக்கா. இது கொழும்பு ஏழில, இது நீர்கொழும்பில. ஒண்டும் யோசிக்காதீங்க, இதையே உங்களுக்கும் செஞ்சு தாறம்." தங்கச்சியின் முகத்தில் அன்றைக்கிருந்த சந்தோசத்தை நினைத்தால் இப்பவும் எனக்கு மனம் கொதிக்கிறது. 18 லட்சத்துக்குப் பேசினார். இரண்டு தவணையில் 11 லட்சம் வாங்கிக்கொண்டார்.

மாரி தொடங்கிக் கொஞ்ச நாளில் சிங்குக்குக் கீழிருந்த கபேட்டின் அடிப்பலகை வீங்கியது. மேலே ஒட்டியிருந்த மரநிறத் தாள் ஓரத்தில் பிளந்து நிற்க, உள்ளே இருந்தது தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட்டைப் போல உப்பி, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. கதவு மூட முடியவில்லை, ஏனென்றால் பிணைச்சல் ஆணி பிடித்திருந்த இடமே கரைந்துவிட்டது. ஆரையம்பதியிலிருந்து எங்களுக்குப் பழக்கமான ஓடாவி (தச்சர்) ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். குந்தியிருந்து ஒரு துண்டைப் பிய்த்து மணந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "புள்ள, இது பலகை இல்ல. மரத்தூளப் பசை போட்டு அமத்தின சாமான். அதிலயும் தண்ணிக்குத் தாங்கிற சாதி இல்ல."

அது சாதாரண எம்.டி.எஃப். மர நாரைப் பிசினோடு கலந்து சூட்டில் அழுத்திச் செய்யும் தட்டு அது. காய்ந்த அறையில் அலுமாரிக்குப் பரவாயில்லை. வெட்டிய ஓரத்தால் ஈரம் ஏறினால் தடித்துவிடும், பிறகு வெயிலில் எவ்வளவு காய வைத்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. ஈரத்துக்கு ஓரளவு தாங்கும் வகையும் கடையில் உண்டு, அதன் உட்புறம் பெரும்பாலும் பச்சை நிறமாக இருக்கும். ஆனால் நிறம் என்பது சாயம்தான், அதை மட்டும் வைத்து நம்பவும் கூடாது. நம் குசினியோ மீன் கழுவி, இறால் உரித்து, நிலத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற குசினி. அதிலே தரையோடு ஒட்டி எம்.டி.எஃப் வைப்பது தெரிந்துகொண்டே செய்யும் அநியாயம். 2024 நவம்பர் கடைசியில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எத்தனை வீட்டுக்குள் வெள்ளம் வந்தது என்று இங்கே தொழில் செய்கிற ஒருவருக்குத் தெரியாதா?

அதோடு நிற்கவில்லை. மார்பிள் என்று படத்தில் காட்டிய டிவி சுவர், தட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக் சத்தம் போடும் மெல்லிய பி.வி.சி. தகடு. தங்கக் கோடு உப்புக் காற்றில் புள்ளி புள்ளியாகக் கறுத்துவிட்டது. கபேட் பிணைச்சல்கள் துருப்பிடித்துச் செம்மண் நிறத்தில் வழிந்தன. ஓட்டுக்குக் கீழே சாதாரண ஜிப்சம் போர்டு அடித்திருந்தார், ஒரு ஓடு விலகி ஒழுகியதில் சீலிங் நடுவே பழுப்பு வட்டம். பத்தடி உயர ஹோலில் அந்த சீலிங்கையும் ஒரு அடிக்கு மேல் இறக்கிவிட்டதால் மத்தியானத்தில் உள்ளே இருக்க ஏலாத வெக்கை.

படங்கள் எங்கிருந்து வந்தவை என்பதைக் கண்டுபிடித்தது என் மச்சான். அவர் வயரிங் வேலை செய்கிறவர். "கொழும்பு ஏழு" வீட்டுக் குசினிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர் சுவரிலிருந்த பிளக் பொயின்றைக் காட்டினார். நிமிர்ந்த இரண்டு கீறல், கீழே ஒரு வட்ட ஓட்டை. "இது அமெரிக்கா பிளக். கொழும்பில ஆரு இத அடிக்கிற?" என்றார். அந்தப் படத்தை மகள் கூகுள் லென்ஸில் போட்டதும் லொஸ் ஏஞ்சலிஸில் விற்பனைக்கு விட்ட ஒரு வீட்டின் விளம்பரம் வந்தது. மற்றது துபாயில் ஒரு வில்லா. கீழ் மூலையில் விற்பனை முகவரின் பெயர் இருந்த இடத்தை வெட்டியிருந்தார், வெட்டியும் ஒரு எழுத்தின் பாதி அங்கேயே நின்றது.

போன் எடுத்துக் கேட்டோம். "டிசைன் அதேதானே அக்கா. மெட்டீரியல் உங்க பட்ஜெட்டுக்குத் தக்க மாதிரிப் போட்டம்" என்றார். அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை. கொட்டேஷனை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரே வரிதான்: "படத்தில் உள்ளபடி". என்ன பலகை, எத்தனை மில்லிமீற்றர், எந்தக் கம்பனியின் பிணைச்சல், எத்தனை வருட உத்தரவாதம், ஒன்றும் இல்லை. நிறத்தையும் கோட்டையும் பார்த்தால் படத்தில் உள்ளபடிதான் இருக்கிறது என்று எவரும் வாதாடலாம். இந்த ஏமாற்றின் மையமே அந்த ஒரு வரிதான். பொருள் என்ன என்று எந்தப் படமும் சொல்லாது.

பெரிய வீடுகளின் படத்தைப் பார்த்து யோசனை எடுப்பது பிழை என்று நான் சொல்லவரவில்லை. நானும் எடுக்கிறவள்தான். ஆனால் அந்தப் படங்கள் எப்படி உண்டாகின்றன என்பது தெரிந்திருக்க வேண்டும். வீட்டை விற்பதற்கென்றே தளபாடங்களை வாடகைக்குக் கொண்டுவந்து அடுக்கி, 16 முதல் 24 மில்லிமீற்றர் வரையான அகலக் கோண லென்ஸில் எடுக்கிறார்கள். அதில் சின்ன அறையும் மண்டபமாகத் தெரியும். சிலவற்றில் வெறும் அறையைப் படமெடுத்து, சோபாவையும் கட்டிலையும் கணினியில் வரைந்து வைக்கிறார்கள். துபாய் வில்லாக்கள் பலவற்றில் முன்னால் தெரியும் அழகான குசினியில் பெரிய சமையல் நடப்பதில்லை, பொரிப்பதும் தாளிப்பதும் பின்னாலிருக்கும் மற்றக் குசினியில். அந்த வெள்ளை மார்பிள் மேடையை இங்கே கொண்டுவந்து தேசிக்காய் வெட்டினால், புளி கரைத்துச் சிந்தினால், கல்லின் பளபளப்பு அந்த இடத்தில் செத்துவிடும். மார்பிள் சுண்ணாம்புச் சத்துள்ள கல், புளிப்பு அதை அரிக்கும். மஞ்சள் கறையும் இறங்கும். நம் சமையலுக்குக் கிரனைட் எவ்வளவோ மேல்.

அந்த வீடுகளிலிருந்து தாராளமாக எடுக்கக்கூடியவை வேறு, அவற்றுக்குச் செலவும் குறைவு. ஒரு வீட்டுக்குள் இரண்டு மூன்று நிறத்துக்கு மேல் போகாமல் இருப்பது. ஹோலிலும் அறைகளிலும் ஒரே டைல்ஸை ஓட விடுவது. நடுவில் ஒரே ஒரு வெள்ளை பல்புக்குப் பதிலாக 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தை மூலைகளிலும் சுவரோரத்திலும் பிரித்துப் போடுவது. அலுமாரியைக் கூரைமட்டம் வரை உயர்த்தி மேலே தூசி தங்க இடம் விடாமல் செய்வது. வாசலில் நின்றால் பின் வளவின் பச்சை தெரியும்படி கதவுகளை நேருக்கு நேர் வைப்பது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா பெந்தோட்டையில் தன் தோட்ட வீடான லுனுகங்காவிலும் மற்ற வீடுகளிலும் செய்தவற்றில் பெரும்பகுதி இந்தச் சாதிதான்: நடு முற்றம், நீண்ட தாழ்வாரம், மினுக்கிய சீமெந்துத் தரை, காற்று ஓட வழி. நம் பழைய வீடுகளின் விறாந்தையும் முற்றமும் அதே அறிவுதான். பிளாஸ்டிக் மார்பிளுக்குக் கொட்டிய காசில் தங்கச்சி வீட்டுக்கு மேற்குப் பக்கம் நல்ல அகலமான தாழ்வாரம் இறக்கியிருக்கலாம், பின்நேர வெயிலே உள்ளே வந்திராது.

ஆகவே உங்களிடம் யாராவது படத்தோடு வந்தால் முதலில் அதை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லி, கூகுள் லென்ஸில் போடுங்கள். ஒரு நிமிட வேலை. பிறகு, அவர் வேலை முடித்து ஒரு மாரியாவது கண்ட வீடு ஒன்றைக் கேளுங்கள். காத்தான்குடியோ களுவாஞ்சிக்குடியோ ஏறாவூரோ, நேரே போய் சிங்குக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பாருங்கள், பிணைச்சலைப் பாருங்கள், வீட்டுக்காரியோடு தனியாகக் கதையுங்கள். அப்படி ஒரு வீட்டைக் காட்ட முடியாதவருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். பதிவு இருக்கிறது என்று சொன்னால் இலக்கத்தை வாங்கி, 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையில் விசாரியுங்கள்.

கொட்டேஷனில் ஒவ்வொரு பொருளின் பெயரும் தடிப்பும் வர வேண்டும். நீர் படும் இடத்துக்கு அலுமினியமா, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டா, கபேட்டின் பெட்டி எதில், கதவு எதில் என்று பிரித்து எழுதுவியுங்கள். கடலோரம் என்றால் வெளியே உப்புக்காற்று படும் இரும்புச் சாமானுக்கு 304ஐ விட 316 தரத் துருப்பிடிக்கா உருக்கு நல்லது, அதில் மொலிப்டினம் இருப்பதால் உப்பை அதிகம் தாங்கும். பேசிய பலகையில் ஒரு துண்டை முன்கூட்டியே வாங்கி ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள். விடிய எடுத்துத் தடிப்பை அளந்து, அந்தத் துண்டிலேயே இரண்டு பேரும் கையெழுத்து வைத்து, வேலை முடியும் வரை வைத்திருங்கள். காசைக் கையில் கொடுக்காமல் வங்கியால் போடுங்கள், பொருள் வீட்டில் இறங்கி நீங்கள் பார்த்த பிறகு அந்தப் பொருளுக்கான காசு என்ற ஒழுங்கில் போடுங்கள். வெளிநாட்டிலுள்ள தம்பிமாரே, வாட்ஸ்அப்பில் வரும் வேலைப் படத்தைப் பார்த்து அடுத்த தவணையை அனுப்ப வேண்டாம். ஊரிலுள்ள உங்கள் ஆள் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.

ஏற்கனவே இப்படி அகப்பட்டவர்கள் வெட்கத்தில் பேசாமல் இருக்காதீர்கள், வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை. வங்கிச் சீட்டு, கொட்டேஷன், வாட்ஸ்அப் உரையாடல், பழுதான இடங்களின் படம், எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பழுதான கபேட்டைக் கழற்றி எறிவதற்கு முன் ஒரு துண்டை வைத்துக்கொள்ளுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். நாங்கள் பொலிஸில் முறைப்பாடு எழுதி, மத்தியஸ்த சபைக்கும் பிணக்கைக் கொடுத்திருக்கிறோம். லொஸ் ஏஞ்சலிஸ் வீட்டின் விளம்பரமும் அவர் எங்களுக்கு அனுப்பிய படமும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்து இணைத்தோம். விசாரணை முடியும் வரை அவருடைய பெயரை இங்கே எழுத மாட்டேன், கமெண்டில் யாரும் ஊகித்து எழுதவும் வேண்டாம். இதே படங்களைக் காட்டி உங்களிடமும் காசு வாங்கியிருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். பல வீடுகளின் முறைப்பாடு சேர்ந்து வந்தால் தட்டிக்கழிப்பது அவருக்குக் கடினம்.