144 ஹெர்ட்ஸ் என்று விற்ற மானிட்டர்: 13,500 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷார்

கேமிங்குக்கு மானிட்டர் செட்டிங்ஸ் எப்படி வைப்பது, இன்புட் லேக்கை, அதாவது திரையில் தெரிய ஆகும் தாமதத்தை, எப்படிக் குறைப்பது என்று எழுதச் சொல்லி சிலர் கேட்டிருந்தீர்கள். எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் கடைக்காரரிடமிருந்து போன். பேசி வைத்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, இன்னும் வயிறு எரிகிறது. செட்டிங்ஸ் அப்புறம். முதலில் 13,500 ரூபாய் போன கதை.

கடை பெயர் போடப் போவதில்லை. அசெம்பிள் சிஸ்டம் போட்டுக் கொடுக்கும் மாடிக் கடை. கலர் கலராக லைட் எரியும் கேபினெட்டுகள், சுற்றி நிற்கும் காலேஜ் பசங்க, உங்களுக்கே தெரியும். என் ரேமும் எஸ்எஸ்டியும் அங்கே வாங்கியவைதான், ஒரு குறை வந்ததில்லை. 27 அங்குலம், 144 ஹெர்ட்ஸ் (அதாவது விநாடிக்கு 144 முறை திரையில் படம் மாறும்), 1 மில்லி செகண்ட் என்று ஒரு மானிட்டரைக் காட்டினார் ஓனர். கேள்விப்படாத பிராண்டு. தெரிந்த பிராண்டு ஏதாவது இருக்கா என்று கேட்டதற்கு, "அதுல பேருக்குத்தான் சார் காசு" என்றார்.

தயங்கினேன். உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார், டீ வந்தது, வேலரண்ட் கேம் ஓடியது. மூலையில் எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம்) 144. அப்புறம் விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' வரை போய், அங்கே 144 ஹெர்ட்ஸ் என்றிருந்ததை விரலால் தட்டிக் காட்டினார். "நான் சொன்னா நம்பாதீங்க சார், மைக்ரோசாஃப்ட் சொன்னா நம்புவீங்கள்ல?" நம்பினேன். ஜிபேயில் 13,500 ரூபாய் போனது. பில் கேட்டால், ஜிஎஸ்டி பில் என்றால் 18 சதவீதம் கூட ஆகும் என்று சொல்லி ஒரு எஸ்டிமேட் சீட்டை நீட்டினார்.

வீட்டில் முதல் மேட்சிலேயே உறுத்தியது. வேகமாகத் திரும்பினால் ஒவ்வொரு உருவமும் இரட்டை இரட்டையாகத் தெரிகிறது. மவுஸை நகர்த்திக் கொஞ்சம் கழித்துத்தான் குறி கிளம்புகிறது. படத்தைத் திரையின் வேகத்தோடு சேர்த்துக் கட்டும் வி-சிங்க்கை அணைத்தேன், தாமதத்தைக் குறைக்கும் ரிஃப்ளெக்ஸை ஆன் செய்தேன், மவுஸின் போலிங் ரேட்டைக்கூட (விநாடிக்கு எத்தனை முறை கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்புகிறது என்பது) சரிபார்த்தேன். மாற்றமே இல்லை. மானிட்டர் மெனுவில் பிக்சல் நிறம் மாறுவதை வேகப்படுத்தும் ஓவர்டிரைவைக் கூட்டினால் நகரும் தலைக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு வால் முளைத்தது. பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்த அந்த '1 மில்லி செகண்ட்' மோடை ஆன் செய்தால் திரை மங்கிப்போய், பிரைட்னஸ், அடாப்டிவ் சிங்க் (கேமின் எஃப்பிஎஸ்ஸுக்கு ஏற்ப மானிட்டரின் ஹெர்ட்ஸை மாற்றும் வசதி) இரண்டும் பூட்டிக்கொண்டன. அதாவது பின் விளக்கை விட்டு விட்டு எரியவைத்து, அசையும்போது படம் கலங்குவதைக் குறைக்கும் வித்தை அது. பிக்சல் நிறம் மாறும் வேகம் வேறு. இன்புட் லேக் இந்த இரண்டுமே இல்லை. மானிட்டரின் பங்கில் அது, சிக்னல் வந்து சேர்ந்து திரையில் தெரியும் வரை மானிட்டர் எடுத்துக்கொள்ளும் நேரம். அதைப் பெட்டியில் பெரும்பாலும் யாரும் அச்சடிப்பதில்லை.

மானிட்டரைச் சோதிக்க உதவும் டெஸ்ட் யூஎஃப்ஓ இணையதளத்தில், மானிட்டர் ஃபிரேம்களைத் தவறவிடுகிறதா என்று பார்க்கும் ஃபிரேம் ஸ்கிப்பிங் சோதனை ஒன்று உண்டு. கட்டம் கட்டமாக இருக்கும், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு கட்டம் எரியும். போன் கேமராவில் ஷட்டரை பத்தில் ஒரு விநாடிக்கு வைத்துப் படம் எடுத்தால், நிஜமான 144 ஹெர்ட்ஸில் பதினான்கு கட்டங்கள் இடைவெளி இல்லாமல் வரிசையாக எரிந்திருக்க வேண்டும். என் படத்தில் ஒன்று எரிகிறது, ஒன்று இருட்டு, மறுபடி ஒன்று எரிகிறது. திரும்பத் திரும்ப எடுத்தாலும் இதேதான். சிக்னலை 144-ல் வாங்கிக்கொண்டு பாதியைத் தூக்கி எறிகிறது. கண்ணுக்கு வருவது 72. கம்ப்யூட்டர் என்ன அனுப்புகிறது என்பதைத்தான் விண்டோஸ் காட்டும், பேனல், அதாவது மானிட்டரின் திரை, என்ன காட்டுகிறது என்பது அதற்குத் தெரியாது. 13,500 ரூபாய்க்கு நான் வாங்கியது ஆபீஸ் மானிட்டர்.

போன் செய்தேன். "கேபிள் மாத்திப் பாருங்க சார்." மாற்றினேன். "டிரைவர் அப்டேட்?" செய்தேன். "உங்க கிராபிக்ஸ் கார்டு பழசு சார், அதான்." அதே கார்டு நண்பனின் மானிட்டரில் ஒழுங்காக ஓடுகிறது என்றேன். "புதுசுல அப்படித்தான் இருக்கும், கண்ணு பழகணும்." நேரில் போனால் ஓனர் இல்லை, கவுன்டரில் இருந்த பையன் தலை நிமிரவில்லை. போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்; நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. பெட்டியில் இருந்த சர்வீஸ் நம்பர் உபயோகத்தில் இல்லை. இன்று ஓனரே கூப்பிட்டார், சரி வழிக்கு வருகிறார் என்று எடுத்தால்: "எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்கிறேன் சார், 5,000 போடலாம்." 13,500 ரூபாய்க்கு அவர் விற்ற பொருளுக்கு அவரே போடும் விலை 5,000!

செட்டிங்ஸ் பற்றி விரிவாக எழுதும் பொறுமை இப்போது இல்லை. சுருக்கமாக: புது மானிட்டர் மாட்டியதும் விண்டோஸில் ஹெர்ட்ஸை மாற்றினீர்களா என்று பாருங்கள், பல சமயம் 60-லேயே நிற்கும். டிஸ்ப்ளே போர்ட் இருந்தால் அந்தக் கேபிளையே போடுங்கள். பழைய எச்டிஎம்ஐ 1.4 ஃபுல் எச்டியில் 120 ஹெர்ட்ஸைத் தாண்டத் திணறும். ஓவர்டிரைவ் நடுவில் இருக்கட்டும். ஜி-சிங்க் (என்விடியாவின் அடாப்டிவ் சிங்க்) போட்டால், எஃப்பிஎஸ் ஹெர்ட்ஸுக்கு இரண்டு மூன்று கீழேயே நிற்கும்படி கட்டுப்படுத்துங்கள்.

கடையிலேயே ஃபிரேம் ஸ்கிப்பிங் சோதனை ஓடவிட்டுப் படம் எடுத்துப் பாருங்கள். கடைக்காரர் விட மாட்டேன் என்றால் வெளியே வந்துவிடுங்கள். சீரியல் நம்பரோடு ஜிஎஸ்டி பில் வாங்காமல் பணம் போடாதீர்கள், 18 சதவீதம் கூடப் போனாலும் பரவாயில்லை. நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்துவிட்டேன். ஜிபே ரசீது, எஸ்டிமேட் சீட்டு, அந்தப் படம் மூன்றும் இருக்கின்றன. 5,000-க்கு ஒத்துக்கொள்ளப் போவதில்லை. முழு 13,500 ரூபாயும் வேண்டும்.