38,500 ரூபா போச்சு: மர விமானம் ஓடர் பண்ணுற ஆக்கள் கவனம்

கை இன்னும் நடுங்குது. எழுத்துப்பிழை இருந்தால் பொறுங்கோ.

மாமா 89இல கனடாவுக்குப் போனவர். முதல் வேலை ஒன்டாரியோவில ஏரிக்கரை மீன்பிடி விடுதியொண்டில கோப்பை கழுவிறது. றோட்டில்லாத அந்த இடத்துக்குச் சாமான் எல்லாம் பீவர் எண்ட சின்ன விமானத்திலதான் வரும். டி ஹாவிலண்ட் கனடா எண்ட கொம்பனி 1947இல முதன்முதல் பறக்கவிட்டது. கோடையில மிதவை, பனிக்குச் சறுக்குக்கட்டை. 45 கலன் பரலை உருட்டியே ஏத்தலாம், பறக்கேக்கையே உள்ளுக்கிருந்து எஞ்சினுக்கு ஒயில் விடலாம் எண்டு மாமா சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம். வாற வெள்ளி ஊருக்கு வாறார், அறுபதாவது பிறந்தநாள். அவருக்குக் குடுக்க மரத்தில ஒரு பீவர் மாதிரி வாங்கத்தான் இந்த 38,500.

இணையத்தில கைவினைப் பொருள் விக்கிற கடை. மகோகனியில கையால செதுக்கினது, இறக்கை 24 அங்குலம் எண்டு பேச்சு. உண்மையான இறக்கை 48 அடி, அடிக்கு அரை அங்குலம். முற்பணம் 10,000 போட்டன். பிறகு மனசு ஒத்துக்கொள்ளேல்லை, செய்யிறதைக் காட்டுங்கோ எண்டு கேட்டன். ஒரு வீடியோ வந்தது. ஆரோ இறக்கைக்கு அரத்தாள் போடுறார், விரலெல்லாம் மண்ணிறத் தூள். அதுக்குப் பிறகு தனியா ஒரு குரல்பதிவு: "அண்ணை, நாங்களும் வடமராட்சிதான். உங்களை ஏமாத்திப்போட்டு எங்க போறது?" அந்தத் தமிழைக் கேட்டவுடன மிச்சம் 28,500ஐயும் போட்டிட்டன்.

செவ்வாய்க்கிழமை பார்சல் வந்தது. அளந்தால் பதினைஞ்சரை அங்குலம். நகத்தால சுரண்டினன், பெயின்ருக்குக் கீழ எம்டிஎஃப் (மரநாரை ஒட்டி அழுத்தின பலகை), மாவாட்டம் உதிருது. மூக்கில எஞ்சினின்ர ஒன்பது சிலிண்டரும் வட்டமா நிக்கவேணும். இதில அச்சடிச்ச ஸ்ரிக்கர், அதுவும் ஒரு ஓரம் கிளம்பி நிக்குது. ஒரு மிதவை மற்றதைவிடக் கட்டை, மேசையில வைச்சால் சரியுது. அம்மா ஒண்டும் பேசாமல் தீப்பெட்டியை அடைகுடுத்து நிமித்திப் பார்த்தா. எனக்கு வயிறு பத்தி எரிஞ்சது.

எடுத்துக் கேட்டால் முதல், "கொரியரில மாறிப்போயிருக்கும்." பிறகு, "அளவு முன்னப்பின்ன வரும் அண்ணை." பிறகு, "மனேஜர் கொழும்புக்குப் போட்டார், திங்கள் எடுங்கோ." நேற்றைக்கு வேற பொடியன் ஒருத்தன், "நீங்களே உடைச்சுப்போட்டுக் கேக்கிறியள்" எண்டான். இண்டைக்குக் காலமை என்ர நம்பரையே புளொக் பண்ணிப்போட்டாங்கள். 38,500 ரூபா! எனக்கு அது ஒரு மாசச் சம்பளத்தில பாதிக்கு மேல.

அந்த வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன். கை மட்டும்தான். முகமில்லை, கதையில்லை.

எப்பிடிப் பார்த்து வாங்கிறதெண்டு விபரமா எழுதத்தான் இருந்தன், ஏலாமக் கிடக்கு. முழுக்காசையும் முன்னுக்குப் போடாதேங்கோ. வீடியோ கேட்டால் உங்கட பேரைத் துண்டில எழுதிப் பக்கத்தில வைக்கச் சொல்லுங்கோ. பார்சல் திறக்கேக்க ஃபோனில எடுங்கோ. நான் எடுக்கேல்லை, அதைச் சொல்லித்தான் வாயடைச்சவங்கள். எங்கட ஊர்த் தமிழைக் கேட்டு மயங்காதேங்கோ.

மாமா ஒரு மாசம் நிப்பார். யாழ்ப்பாணத்தில திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் நல்ல மரத்தில இதைச் செய்து தரக்கூடிய தச்சுவேலைக்காரர் ஆரையும் தெரிஞ்சால் சொல்லுங்கோ. நேர வந்து, வேலையைப் பார்த்துத்தான் காசு தருவன்.