கார்த்திகையில் கட்டிவைக்கும் தூண்டில்: குழாயா, கொக்கியா, பரணா?

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுவிட்டால், மகரஜோதி முடியும்வரை எனக்குத் தூண்டில் கிடையாது. மதுரைப் பக்கம் என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஐயப்பனுக்கோ பழநிக்கோ மாலை போட்டவர் கண்மாய்க் கரைக்குப் போனாலும் வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் வருவார். மாலை போடாதவர்களுக்கும் அந்த நாட்கள் அவ்வளவு தோதுப்படுவதில்லை. கண்மாய் நிறைந்து தண்ணீர் கலங்கிக் கிடக்கும், மீன் எங்கே நிற்கிறது என்றே பிடிபடாது. ஆக, வருடத்திலேயே ஈரம் அதிகமான இரண்டு மாதமும் ராடு என்கிற தூண்டில் கம்பும், அதில் மாட்டும் ரீலும், ரீலில் சுற்றிய தூண்டில் நூலான நரம்பும் வீட்டுக்குள் சும்மா கிடக்கின்றன. வைத்த இடம் சரியா தப்பா என்பது தை பிறந்து எடுத்துப் பார்க்கும்போதுதான் தெரியும்.

குளிர்காலத்தில் தூண்டில் சாமானை எப்படி வைப்பது என்று தேடினால் கிடைக்கிற யோசனைகளில் பெரும்பாலானவை பனி கொட்டும் நாட்டுக்காரர்கள் சொன்னவை. ரீலுக்குள் தங்கிய தண்ணீர் உறைந்தால் விரியும், கிரீஸ் இறுகும், அதனால் வீட்டுக்குள் கொண்டுவந்து நன்றாக மூடி வை என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. அங்கே குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுகிறது, உள்ளே காற்று காய்ந்து கிடக்கும். மதுரையில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். நம் சாமானைக் கெடுப்பது குளிர் இல்லை, ஓதம். எந்த முறையையும் நான் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போக வழி இருக்கிறதா?

பலருக்கும் பிடித்த பிவிசி குழாயை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு துண்டாகக் கழற்றும் 7 அடி ராடுக்கு 4 அடிக் குழாய் போதும், ராடில் நரம்பு ஓடும் பெரிய வளையம் இடிக்காமல் இருக்க 3 அங்குல அகலம் வேண்டும். ஹார்டுவேர் கடையிலேயே அறுத்துத் தருவார்கள். இரு பக்கமும் மூடி போட்டுவிட்டால் எலி தொடாது, யாரும் மிதித்துவிட மாட்டார்கள், பஸ்ஸிலும் தைரியமாக ஏற்றலாம். பார்த்தால் இதைவிடப் பாதுகாப்பு இல்லை என்றுதான் தோன்றும்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஓர் ஐப்பசிக் கடைசியில், தூறலில் உட்கார்ந்துவிட்டு வந்த ராடை மேலோட்டமாகத் துடைத்து, அதன் துணிப்பைக்குள்ளேயே நுழைத்து, குழாய்க்குள் தள்ளி மூடிவிட்டேன். தையில் மூடியைத் திருகியதும் முதலில் வந்தது வாடைதான். ஊறப்போட்டு மறந்த துணியின் வாடை. பையை உருவினால் வரவில்லை, ராடோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது. கார்க் பிடி முழுக்க மிளகுத் தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள். வளையங்களைக் கட்டிய நூலுக்கு மேலே பூசியிருந்த வார்னிஷ் சின்னச் சின்னக் கொப்புளமாகப் பொங்கி, அடியில் பால் நிறம் பாய்ந்திருந்தது. நகத்தால் தொட்டேன், பொருக்காக உதிர்ந்தது. முதல் சம்பளத்தில் வாங்கிய ராடு அது. அன்று முழுக்க மனசே சரியில்லை.

நடந்தது இவ்வளவுதான். பகலில் குழாய் லேசாகச் சூடாகும்போது துணியில் இருந்த ஈரம் ஆவியாகிறது. ராத்திரி குளிர்ந்ததும் அதே ஈரம் ராடின் மேலேயே வந்து படிகிறது. 60 நாள் இதே வேலை. எனவே குழாய் பயணத்துக்குத்தான். வேறு இடமே இல்லை என்றால் இரண்டு மூடியிலும் நாலைந்து ஓட்டை போட்டு, ராடை இரண்டு நாள் நிழலில் உலர்த்திய பிறகு, பை இல்லாமல் வையுங்கள்.

அடுத்தது சுவரில் கொக்கி. நான் இப்போது செய்வது இதைத்தான். மரத்தில் இரண்டு முளை, அவற்றின் மேல் பழைய சைக்கிள் டியூப் துண்டு, ராடுத் துண்டுகள் படுத்த வாக்கில் கிடக்கும். செலவு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எந்தச் சுவர் என்பது முக்கியம். மழைக்காற்று அடிக்கும் வெளிச்சுவர்கள் கார்த்திகையில் ஓதம் அடித்துச் சுண்ணாம்பு பூத்துவிடும். உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள், சில்லென்று ஒட்டினால் அந்தச் சுவர் வேண்டாம். இரண்டு அறைக்கு நடுவில் இருக்கும் உள்சுவர்தான் நல்லது.

திறந்து கிடந்தால் தூசி படியுமே என்பார்கள். படியத்தான் செய்யும். எங்கள் வீட்டில் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்றை நீளவாக்கில் கிழித்து உறை தைத்திருக்கிறோம். பல வருடம் துவைத்துத் துவைத்துக் கஞ்சியெல்லாம் போய் மெத்தென்று ஆன பருத்தி. தூசியைப் பிடித்துக்கொள்ளும், காற்றை விடும். ரெக்சின், நைலான் உறைகள் பார்க்க அழகாக இருந்தாலும் அவையும் ஒருவகையில் மூடிய குழாய்தான்.

பரண் விஷயத்தில் அந்தக் காலத்தையும் இந்தக் காலத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்பத்தா வீட்டில் தூண்டில் கம்பு அடுப்புக்கு மேலே பரணில்தான் கிடக்கும். மூங்கில் கம்பு, புகை ஏறி ஏறித் தேன் நிறத்துக்கு வந்திருக்கும். புகை படிந்த மூங்கிலில் உளு விழாது, அடுப்புச் சூட்டில் ஈரமும் தங்காது. இதைவிட நல்ல இடம் அந்தக் கம்புக்கு இருந்திருக்க முடியாது. இன்றைக்கு நம் வீட்டு லாஃப்டுக்குக் கீழே எரிவது கேஸ் அடுப்பு. மேலே மொட்டைமாடித் தளம், மழையில் ஊறிக் கசியும், பங்குனி சித்திரையில் காய்ந்து தகிக்கும். பரண் என்ற பேர் மட்டும்தான் மிச்சம். அதில் மூங்கிலை வைத்தால் அடுத்த மழைக்குள் மாவு கொட்ட ஆரம்பித்துவிடும். மூங்கில் கம்பு இன்னும் வைத்திருப்பவர்கள் வேப்பெண்ணெய் தடவி, நுனியில் நூல் கட்டி, உத்தரத்தில் நேராகத் தொங்கவிடுங்கள். தன் கனத்திலேயே நிமிர்ந்து நிற்கும்.

அறை மூலையில் சாய்த்து வைப்பதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நாலு நாளைக்குப் பரவாயில்லை, இரண்டு மாதம் என்றால் வேண்டாம். மூங்கில் அந்த வளைவிலேயே நின்றுவிடும். கார்பன் ராடு சீக்கிரம் வளையாது, ஆனால் துடைப்பம் பட்டு ஒருமுறை சாய்ந்து விழுந்தாலே கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். பிறகு பெரிய கட்லா மீன் இழுக்கும் நாளில் அந்த இடத்தில்தான் முறியும். மாடி ஆஸ்பெஸ்டாஸ் அறையும் வேண்டவே வேண்டாம்.

எங்கே வைத்தாலும் ராடை இணைத்தபடியே வைக்காதீர்கள். பொருத்து வாயில் ஈரம் புகுந்து கவ்விக்கொள்ளும். கழற்றித் துடைத்து, உள்ளே நுழையும் பகுதியில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்துவிட்டால் தையில் சுலபமாகக் கழலும், மாட்டும். பிடியில் ஒட்டிய இரை மாவு உருண்டையின் பிசுக்கையும் கழுவிவிடுங்கள். அந்த வாடைக்குத்தான் எலி கார்க்கைக் கடிக்க வருகிறது.

சரி, ரீலுக்கு வருவோம். ராடிலேயே மாட்டி வைப்பதா, கழற்றுவதா என்றால் கழற்றத்தான் வேண்டும். ரீலின் கால் உட்காரும் இடத்தில் தண்ணீர் தங்கி, திருகு துருப்பிடித்து இறுகிப்போன ரீல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கழற்றியதும் டிராக் திருகை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கமாக ஓட வேண்டும் என்று வைக்கும் திருகை, நன்றாகத் தளர்த்திவிடுங்கள். இறுக்கியபடி விட்டால் உள்ளே இருக்கும் வட்டைகள் அமுங்கியே பழகிவிடும், தையில் முதல் மீன் இழுக்கும்போது நரம்பு விட்டு விட்டுக் குதித்து ஓடும்.

எண்ணெயில்தான் நம் ஊரில் பலர் தப்பு செய்கிறார்கள். கைக்கு எட்டுகிறது என்று தேங்காய் எண்ணெய் விடுவார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறைய ஆரம்பிக்கும். மார்கழிக் காலையில் பாட்டிலில் வெள்ளையாகக் கட்டி நிற்பதைப் பார்க்கிறோமே, அதேதான் ரீலின் பேரிங்குக்குள்ளும் நடக்கிறது. மதுரைக் குளிர் நேரடியாகக் கெடுக்கும் ஒரே இடம் இதுதான் என்று சொல்வேன். வெயில் வந்தால் இளகிவிடும், ஆனால் நாள்பட்டால் சிக்குப் பிடித்துப் பிசினாகித் தூசியை இழுக்கும். தையல் மிஷின் எண்ணெய் இந்தக் குளிருக்கு உறையாது, சிக்கும் பிடிக்காது. கைப்பிடிக் குமிழிலும் நரம்பு உருளும் சின்ன உருளையிலும் ஒவ்வொரு சொட்டு போதும். உள்பற்களுக்கு மட்டும் கிரீஸ். டிராக் வட்டையில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் பிடிப்பு போய்விடும்.

ரீலை எதில் வைப்பது? துணிப்பையும் இறுக்கி மூடும் டப்பாவும்தான் போட்டி. கண்மாயில் மட்டும் புழங்கிய ரீலுக்குத் துணிப்பை போதும், அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடலாம். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் கடலுக்குக் கொண்டுபோன ரீல் என்றால் கதை வேறு. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வீட்டுக்கு வந்த அன்றே டிராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, துடைத்து, இரண்டு நாள் காயவிட்டு, அதன் பிறகு டிராக்கைத் தளர்த்தி, சிலிகா ஜெல்லோடு டப்பாவில் வைப்பேன். குழாயை வேண்டாம் என்றவன் டப்பாவைச் சொல்கிறேனே என்று கேட்கலாம். டப்பாவுக்குள் போவது முழுக்கக் காய்ந்த பொருள், ஈரத்தைக் குடிக்க உள்ளே ஆளும் இருக்கிறது. ஷூ டப்பாவில் கிடந்த பழைய பொட்டலத்தை நம்பாதீர்கள், அது ஏற்கெனவே வயிறு நிறையக் குடித்திருக்கும். நிறம் மாறும் ஆரஞ்சு வகையை வாங்குங்கள். பச்சையாக மாறினால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். சமையலுக்கு எடுக்காத தகரத்தில் மிதமான சூட்டில் வறுத்தால் திரும்ப ஆரஞ்சு ஆகிவிடும். அரிசி போட்டு வைக்கும் வழக்கம் பலன் தராது, பூச்சிதான் வரும்.

கொடைக்கானலில் வேலை பார்க்கும் மாமா மகனுக்கு என் கொக்கி முறையைச் சொல்லியிருந்தேன். மார்கழியில் போன் செய்தான். “மச்சான், நீங்க சொன்ன மாதிரியே சொவத்துல தொங்கவிட்டேன். பத்து நாள்ல கார்க்கு பூத்துப்போச்சு.” “சன்னல் திறந்துதான இருந்துச்சு மாப்ளே?” என்றேன். “திறந்துதான் வச்சேன். மேகம் உள்ள வருது மச்சான்!” தப்பு என் மேல்தான். கிட்டத்தட்ட 7,000 அடி உயரம், டிசம்பர், ஜனவரியில் புல்வெளியில் உறைபனி படியும் ஊர். அங்கே காற்றோட்டம் என்றாலே ஈரத்தை உள்ளே அழைப்பதுதான். அந்த ஊருக்கு, அடுப்புச் சூட்டில் காய்ந்த அறையில் ராடை உலர்த்தி, சிலிகா ஜெல்லோடு மூடிய குழாய்தான் சரி. மதுரையில் தோற்ற குழாய் மலையில் ஜெயிக்கிறது. மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவரும்போது குழாயை உடனே திறக்கவும் கூடாது. குளிர்ந்த ரீலில் நம் ஊர்க் காற்று பட்டதும் வேர்த்துவிடும். ஒரு ராத்திரி அப்படியே விட்டு, காலையில் திறந்தால் போதும்.

இனி நரம்பு. தங்கூசி என்று நாம் சொல்லும் நைலான் நரம்பும், இப்போது பரவலாகிவிட்ட பின்னல் நரம்பும் குணத்தில் வேறு வேறு. தங்கூசி தண்ணீரைக் குடிக்கும், வெயில் பட்டால் வலு இழக்கும், சுற்றிய வட்டத்தை மறக்காது. இரண்டு மாதம் ஸ்பூலில், அதாவது ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளையில், கிடந்ததை எடுத்து வீசினால் ஸ்பிரிங் போலச் சுருண்டு வரும். ஸ்பூலிலேயே விடாமல் கழற்றிப் பழைய பெயிண்ட் டப்பா போன்ற அகலமான ஒன்றில் தளர்வாகச் சுற்றி, இருட்டில் வைப்பது நல்லது. வட்டம் பெரிதானால் சுருளும் குறையும். பின்னல் நரம்புக்கு அந்தச் சுருள் இல்லை, ஸ்பூலிலேயே இருக்கட்டும். ஆனால் இழைகளுக்கு நடுவில் தண்ணீரை வைத்துக்கொண்டு, அடியில் ஸ்பூலின் உலோகத்தை அரிக்கவிடும். எனவே ஸ்பூலைத் தனியே கழற்றி, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் காயவிட வேண்டும்.

சேமித்து வைப்பதில் எனக்குப் பின்னல்தான் பிடிக்கும். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு வருடம் ஓடியதும் தலைகீழாகத் திருப்பிச் சுற்றினால் அடியில் புழங்காமல் கிடந்த பாதி மேலே வந்துவிடும். தங்கூசியை அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்ற வேண்டியதில்லை. தையில் ஒரு முழம் எடுத்து முடிச்சுப் போட்டு வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பேன். பட்டென்று அறுந்தால் மொத்தத்தையும் மாற்றிவிடுவேன். கழித்த நரம்பைக் கரையிலோ குப்பையிலோ சுருளாக எறிய மட்டும் எனக்கு மனசு வராது. வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் ஒரு கொக்கு காலில் தங்கூசி சுற்றி நொண்டியதைப் பார்த்த நாளிலிருந்து, கத்தரியை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, பழைய நரம்பை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கித்தான் போடுகிறேன். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது.