மாமனாரின் ரெட்டைக்குழலா, வாசலில் கிரில் கேட்டா?

வீட்டுக் காவலுக்கு என்ன வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டால் எங்கள் பக்கம் மூன்று பதில் உடனே வரும்: லைசென்ஸ் எடுத்து ஒரு துப்பாக்கி, கட்டிலுக்கு அடியில் ஒரு அரிவாள், வாசலில் ஒரு நாய். யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத நான்காவது ஒன்று உண்டு. கிரில் கேட், விளக்கு, கேமரா. நான் நான்காவது கட்சி. நாயையும் அதோடு சேர்த்துக்கொள்வேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுநிலைமை இல்லை என்று யாரும் குறைப்பட வேண்டாம்.

இந்தக் கணக்கைப் போட வேண்டி வந்தது மாமனார் காலமான பிறகு. களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் வாழைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. அவர் பெயரில் வெகுகாலமாக ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி. இனி அந்த வீட்டில் அத்தை மட்டும்தான். நாங்கள் பாளையங்கோட்டையில், மச்சினன் சென்னையில். “துப்பாக்கி இருக்குன்னு தெரிஞ்சா எவன் காலை வைப்பான் அத்தான்? என் பேருக்கு மாத்திருவோம்” என்றான் மச்சினன்.

மாற்ற வழி இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி லைசென்ஸ்காரர் இறந்தால் சட்டப்படியான வாரிசு தன் பெயருக்கு விண்ணப்பிக்கலாம். உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது ஆனாலோ துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ வாரிசுக்குக் கொடுக்கவும் இடமுண்டு. ஆனால் அதுவரை மச்சு மேல் போட்டு வைக்கக் கூடாது. லைசென்ஸ்காரர் போனதும் அந்தத் துப்பாக்கி வீட்டில் இருப்பதற்கான உரிமையும் போய்விடுகிறது. பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட வேண்டும். “அப்பா நினைவா இருக்கட்டும்” என்று வைத்திருந்தால் அதற்குப் பெயர் உரிமமில்லா ஆயுதம். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் சிறை. எங்கள் துப்பாக்கியும் ரசீதோடு போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் விவாதம் சூடு பிடித்தது.

துப்பாக்கிக்கு நியாயமாகச் சேர வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பயமுறுத்தும் சக்தி அதற்கு உண்டு. மாமனார் தீபாவளிக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பதை ஊரே பார்க்கும். அதுவே பாதிக் காவல். லைசென்ஸ் காலமும் 3 வருஷத்திலிருந்து 5 வருஷமாகிவிட்டது, அலைச்சல் கொஞ்சம் குறைவு. ஆட்சியரிடம் மனு, மாநகர எல்லைக்குள் என்றால் காவல் ஆணையரிடம். போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று, பூட்டிப் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி. பொறுமை உள்ளவர்களுக்கு இது பெரிய மலை இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. மச்சினன் பெயரில் வாங்கினால், சென்னையில் இருப்பவனுடைய துப்பாக்கி களக்காட்டில் அத்தையை எப்படிக் காக்கும்? அத்தை எடுத்துச் சுட்டால் லைசென்ஸ் இல்லாதவர் சுட்டதாகும். அத்தை பெயரில் வாங்கலாமே என்றால், எழுபது தாண்டியவர், மூக்குக்கண்ணாடியைத் தேடவே கால் மணி நேரம் ஆகும், இருட்டில் பெட்டியைத் திறந்து தோட்டா போட்டுக் குறி பார்ப்பாரா? தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வருவது நம் மாவட்டத்தில் வழக்கம். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று வரிசையாக வரும்போது இந்தக் காவல்காரருக்கு விடுமுறை கொஞ்சம் அதிகம்தான்.

இதெல்லாம்கூடச் சமாளிக்கலாம். எங்களைத் திருப்பியது சட்டம். “வீட்டுக்குள்ள வந்தவனச் சுட்டா கேஸே கிடையாது” என்று டீக்கடையில் அண்ணாச்சிமார் அடித்துச் சொல்வார்கள். அதில் கால்வாசி உண்மை.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. தற்காப்பு உரிமை அதில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் வருகிறது. பழைய சட்டத்தின் 96 முதல் 106 வரைதான் அது. பொருளைக் காக்க ஓர் ஆளின் உயிரைப் போக்கும் அளவுக்கு எப்போது போகலாம் என்று 41-ஆம் பிரிவு சொல்கிறது. கொள்ளை. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைவது. குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது. மற்றபடி திருட்டோ, சேதமோ, வீட்டில் அத்துமீறலோ எதுவானாலும், உயிருக்கோ பெருங்காயத்துக்கோ நியாயமான பயம் இருந்தால் மட்டும். இவற்றுக்கெல்லாம் மேலே 37-ஆம் பிரிவு உட்கார்ந்திருக்கிறது: தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமையே இல்லை.

இதை நம் ஊர்த் திருட்டுகளோடு வைத்துப் பாருங்கள். இங்கே போவது பெரும்பாலும் என்ன? தோப்பில் தேங்காய், கிணற்று மோட்டாரின் ஒயர், தொழுவத்துக்கு வெளியே கட்டிய ஆடு, வாழைத்தார். தோப்பு வீடு அல்ல. வேலியைத் தாண்டித் தேங்காய் பறிக்கிறவன் செய்வது வெறும் திருட்டு. அவனைச் சுட்டுக் கொன்றால் 41 காப்பாற்றாது. காம்பவுண்டுக்குள் குதித்தவன் முற்றத்தில் நிற்கும்வரைகூட ‘வீட்டை உடைத்தான்’ என்று சொல்ல முடியாது, கட்டடத்துக்குள் நுழைய வேண்டும். அதிலும் பூட்டைத் திறந்தோ, ஏறிக் குதித்தோ, ஓடு பிரித்தோ, வாசலில் ஆளை மிரட்டியோ நுழைந்தால்தான் அந்தச் சொல் பொருந்தும். சித்திரை வெக்கையில் கதவைத் திறந்துபோட்டுத் தார்சாவில் படுக்கிறோமே, அந்தத் திறந்த வாசல் வழியே ஒருவன் சும்மா நடந்து வந்தால்? அப்போது நேரம் இரவு என்பது மட்டும் போதாது. உயிர்ப்பயம் இருந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும்.

அடுத்தது முதுகு. வந்தவன் திரும்பி ஓடத் தொடங்கிய பிறகு கணக்கு மாறிவிடுகிறது. வீட்டை உடைத்தவன் விஷயத்தில், அவன் உள்ளே இருக்கும்வரைதான் அந்த உச்ச உரிமை. கொள்ளையில் உடனடி ஆபத்தோ அந்தப் பயமோ நீடிக்கும்வரை. திருடிக்கொண்டு ஓடுகிறவனைத் துரத்தலாம், பிடிக்கலாம், பொருளைப் பிடுங்கலாம், ஆனால் உயிரை எடுக்க முடியாது. குண்டு முன்னால் பட்டதா பின்னால் பட்டதா என்பதைப் பிரேதப் பரிசோதனை சொல்லிவிடும். ரெட்டைக்குழலின் தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகள் தூரம் போகப் போக விரியும் என்பதால், எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டது என்பதையும் தடயவியல்காரர்கள் ஓரளவு கணித்துவிடுவார்கள். வீட்டுக்குள் பட்டாசலில் நின்று சுட்டேன் என்று சொல்லிவிட்டு, உடல் புளியமரத்தடியில் கிடந்தால் வக்கீல் என்ன செய்வார்?

நீதிமன்றம் கல் மனசு படைத்தது என்று சொல்ல வரவில்லை. 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தற்காப்பு பற்றிய கொள்கைகளைத் தொகுத்துச் சொன்னபோது, ஆபத்தில் இருப்பவன் தன் எதிர்ப்பைத் தராசில் நிறுத்து அளந்துகொண்டிருக்க முடியாது என்பதையும் ஏற்றுக்கொண்டது. உள்நோக்கம் இல்லாமல், நல்லெண்ணத்தில் எல்லை மீறிப் போயிருந்தால் அது கொலை ஆகாது, கொலையாகாத மரணம் என்ற குறைந்த குற்றம்தான் என்று நியாய சன்ஹிதாவின் 101-ஆம் பிரிவிலேயே விலக்கு உண்டு. ஆனால் அந்தக் குறைந்த குற்றத்துக்கும் பல வருஷச் சிறை உண்டு. தற்காப்புதான் என்று காட்டும் பொறுப்பு, புதிய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவுப்படி, சுட்டவர் தலையில். அரசுத் தரப்பு போலச் சந்தேகமற நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதைக் காட்டுவதற்குள் முதல் தகவல் அறிக்கை, கைது, ஜாமீன், துப்பாக்கி பறிமுதல், லைசென்ஸ் இடைநிறுத்தம், செஷன்ஸ் கோர்ட் நடை. விடுதலை கிடைத்தாலும் அதுவரை கழிந்த வருஷங்கள் திரும்பாது. இத்தனையையும் இருட்டில், தூக்கக் கலக்கத்தில், ஒரு விநாடியில் அத்தை யோசித்து முடிவெடுக்க வேண்டும். மச்சினன் வாயடைத்தது இந்த இடத்தில்தான்.

பன்றிக்கும் யானைக்கும் ஆகுமே என்ற வாதமும் வந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கையில் அந்தப் பேச்சு வேண்டாம். வேலியில் திருட்டுக் கரண்ட் விடுவதைப் பற்றியும் ஒரு வரிதான்: செத்தவன் திருடனே ஆனாலும் சிறைக்குப் போவது கம்பி கட்டியவர்.

அரிவாளுக்கு வருவோம். திருநெல்வேலிக்காரனிடம் அரிவாளைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம். விவசாயத்துக்கும் வீட்டு வேலைக்கும் என்றே செய்த கருவிகளை ஆயுதச் சட்டம் ஆயுதமாகக் கருதுவதில்லை, அதனால் வெட்டரிவாளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. பிளேடு 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட, வேலைக்கு அல்லாத வாளும் கத்தியும் வேறு பட்டியலில் வரும். ஆனால் இங்கே பிரச்சினை லைசென்ஸ் அல்ல, காயம். ஆபத்தான ஆயுதத்தால் பெருங்காயம் என்றால் நியாய சன்ஹிதாவின் 118-ஆம் பிரிவு ஓராண்டுக்குக் குறையாமல் ஆயுள்வரை போகிறது. ஒரே வெட்டு என்றால் தற்காப்பு என்று வாதாடலாம். விழுந்து கிடப்பவன் மேல் ஏழு வெட்டு என்றால் வாதாட எதுவும் மிஞ்சாது. கோபம் வந்தால் ஒன்றோடு நிற்கிற கை நம் ஊரில் குறைவு என்பது தனிக்கதை. அதோடு, வயதானவர் கையில் அரிவாள் இருந்தால் அது அடுத்த நிமிஷம் வந்தவன் கைக்குப் போய்விடும்.

அரிவாளோடு வந்தவர்களை நாற்காலியால் விரட்டிய கதை எல்லோருக்கும் நினைவிருக்கும். 2019 ஆகஸ்டில் கடையம் பக்கம் கல்யாணிபுரத்தில், முகமூடி போட்டு வந்த இருவரை ஒரு முதிய தம்பதி பிளாஸ்டிக் நாற்காலியையும் செருப்பையும் வீசியே ஓடவிட்டார்கள். அந்த அம்மாவுக்குக் கையில் காயம். சுதந்திர தினத்தில் முதலமைச்சர் கையால் விருது. அதைப் பார்த்து எல்லோரும் நாற்காலி தூக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன், அந்தத் தைரியம் என்னிடம் இல்லை. ஆனால் இரண்டைக் கவனியுங்கள். நாற்காலி வீசியவரிடம் எல்லை மீறினீரா என்று எவரும் கேட்கவில்லை. நடந்தது என்ன என்பதில் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை, கேமரா இருந்ததால்.

ஆக நாங்கள் துப்பாக்கியைக் கடை வழியாகவே விற்றுவிட்டு, முன்வாசலுக்கும் புறவாசலுக்கும் உட்புறம் பூட்டும் கிரில் கேட் போட்டோம். சுற்றிலும் ஆள் நடமாடினால் எரியும் விளக்கு, கேமராவுக்கும் இணையப் பெட்டிக்கும் தனி பேட்டரி. மலையடிவாரத்தில் காற்றடித்தால் முதலில் போவது கரண்ட்தானே. கிரில்லின் நன்மை திருடனைத் தடுப்பது மட்டும் என்று முதலில் நினைத்தேன். வக்கீல் நண்பர் ஒருவர் இன்னொன்றையும் காட்டினார்: பூட்டிய கிரில்லைத் தாண்டி ராத்திரி உள்ளே வருகிறவன் கட்டாயம் எதையாவது உடைத்தாக வேண்டும். உடைத்த கணமே அவன் 41-ஆம் பிரிவில் வந்து நிற்கிறான். அதற்குப் பிறகு கையில் கிடைத்த உலக்கையால் அத்தை ஒன்று போட்டாலும் சட்டம் அத்தை பக்கம் சாய இடம் இருக்கிறது. உடைக்க அவனுக்கு ஆகும் அந்தச் சில நிமிஷத்தில் 112-க்கு அடிக்கலாம், ‘காவல் உதவி’ செயலியில் பொத்தானை அழுத்தலாம், எதிர்வீட்டுப் பெரியப்பாவைக் கூப்பிடலாம். முதலில் வந்து சேர்வது பெரியப்பாவாகத்தான் இருக்கும்.

நாய் பற்றிச் சுருக்கமாக. எல்லோரும் ராஜபாளையம் என்பார்கள். அழகு, கம்பீரம், ஆனால் வயதானவர் கையில் நிற்காது. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டத்துக்கும் வேட்டைக்கும் பிறந்தவை. தனியாக இருக்கும் அத்தைக்குக் குரைக்கும் நாட்டுநாய் போதும் என்று முடிவு செய்தோம். தடுப்பூசி தவறக் கூடாது. கவனக்குறைவால் நாய் யாரையாவது கடித்தால் நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ வரலாம். தபால்காரரைக் கடித்துவிட்டுத் திருடனைப் பார்த்து வாலாட்டும் நாய்களும் உண்டு, அதற்குச் சட்டத்தில் பரிகாரம் இல்லை.

துப்பாக்கியே சரி என்று படுகிற ஆட்களும் இருக்கிறார்கள். மாஞ்சோலைப் பக்கம் போல அக்கம்பக்கமே இல்லாத இடத்தில், பழகிய கையோடு, வீட்டிலேயே இருக்கும் ஆளாக இருந்தால் நான் மறுத்துப் பேச மாட்டேன். அப்படி வாழ்ந்து பார்த்தவன் இல்லை நான். பாளையங்கோட்டை, பெருமாள்புரம் அடுக்குமாடிக்காரர்களுக்கும் என் கணக்கு அப்படியே பொருந்தாது, அங்கே கேட்டுக்காரரும் லிப்டும் வேறு கதை.

கிரில்லுக்கும் ஒரு குறை உண்டு, விற்கிறவர்கள் சொல்வதில்லை. தீப்பிடித்தால் உள்ளே இருப்பவரையும் அதுவே அடைத்துவிடும். அதனால் சாவியை வெளியிலிருந்து கை நீட்டினால் எட்டாத, உள்ளிருந்து இருட்டில் தடவினாலும் கிடைக்கிற ஒரே ஆணியில் மாட்ட வேண்டும். மாற்றுச் சாவி எதிர்வீட்டுப் பெரியப்பாவிடம். புறவாசல் கிரில்லுக்கும் முன்வாசல் கிரில்லுக்கும் ஒரே சாவி பொருந்தும் பூட்டாகக் கேட்டு வாங்குங்கள். நாங்கள் அடுக்களை நிலையில் ஆணி அடித்தோம், அத்தைக்குக் கை எட்டும் உயரத்தில்.