தோல் டாக்டரும் மூட்டு டாக்டரும் ஒரே அறையில்: கூட்டு கிளினிக் பயன் தருகிறதா?

சொரியாசிஸ் என்ற செதில் படை உள்ளவர்களில் 30 சதவீதம் பேர் வரை மூட்டுவாதமும் சேர்ந்துகொள்ளலாம். பெரும்பாலும் தோலில்தான் முதலில் தெரியும், மூட்டு பல ஆண்டுகள் கழித்தே வலிக்கும். இதன் அறிகுறியாக இருக்கக்கூடிய குதிகால் வலியை ஸ்கின் டாக்டரிடம் சொல்ல யாருக்கும் தோன்றாது. மூட்டுவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் ரத்தச் சோதனை நெகட்டிவ் என்று வந்தால் ‘வாதம் இல்லை’ என்று அனுப்பிவிடுவதும் உண்டு. இந்த நோயில் அது நெகட்டிவாக இருப்பதுதான் வழக்கம்.

இந்த இடைவெளியை அடைக்க வந்ததே தோல் மருத்துவரும் ருமட்டாலஜிஸ்டும் (மூட்டுவாத நிபுணர்) ஒரே அமர்வில் பார்க்கும் கூட்டு கிளினிக். பாஸ்டனின் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் இது 2003-இல் தொடங்கியது. 2012-இல் வெளியான அவர்களின் ஆய்வில், அங்கு வந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு முன்பு சொல்லப்பட்ட நோய்க்கணிப்பே மாறியது.

இந்த முறையின் மதிப்பு மருந்துச் சீட்டில்தான் தெரிகிறது. தோலுக்கும் மூட்டுக்கும் போடும் செகுகினுமாப் ஊசி, மூட்டுக்கு மட்டும் என்றால் பொதுவாக 150 மி.கி., தோலில் படை அதிகம் என்றால் 300 மி.கி. தோலைப் பார்க்காமல் 150 எழுதினால், மூட்டு தணிந்தும் படை நிற்கலாம். குடல் அழற்சி இருந்தால் இந்த வகை ஊசி அதைக் கிளறிவிடலாம். கண்ணில் யுவைட்டிஸ் என்ற அழற்சி வந்தவருக்கு, வேறு இரண்டு ஊசிகளில் எடானெர்செப்டைவிட அடாலிமுமாப் மேல். மூட்டு வலிக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துச் சட்டென்று நிறுத்தினால், படை முன்பைவிட மோசமாகக் கிளம்பலாம், சிலருக்குச் சீழ்க்கொப்புளமே வரலாம். தோலுக்கும் மூட்டுக்கும் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்து வாரம் ஒரு முறைதான். அதை இரண்டு பேர் தனித்தனியாக எழுதிவிட்டால் விபரீதம். சீட்டு ஒன்றாகும்போது அந்த ஆபத்தும் குறைகிறது.

குறைகளும் உண்டு. இரண்டு நிபுணர்களின் நேரம் ஒன்றாகக் கிடைப்பது அரிது. அதனால் கிளினிக் அடிக்கடி நடக்காது, நடுவில் வீக்கம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பது குழப்பம். ஒரே கட்டடத்தில் பக்கத்துப் பக்கத்து அறை, ஆனால் ஃபைல் இரண்டு என்று நடத்தினால் அது பெயரளவுக்குத்தான் கூட்டு. ஒருவர் எழுதியதை மற்றவர் அன்றே படிக்கிறாரா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

எல்லோருக்கும் இது தேவையில்லை. முழங்கையில் இரண்டு படை, வேறு தொந்தரவில்லை என்றால் ஸ்கின் டாக்டரே போதும். யாருக்குத் தேவை என்று வடிகட்ட ‘பெஸ்ட்’ (PEST) என்ற ஐந்து கேள்விப் படிவம் இருக்கிறது: மூட்டு வீங்கியதுண்டா, மூட்டுவாதம் என்று டாக்டர் சொன்னதுண்டா, நகத்தில் குழிகள் உண்டா, குதிகால் வலித்ததா, ஒரு விரல் முழுதும் காரணமின்றி வீங்கி வலித்ததா. மூன்றுக்கோ அதற்கு மேலோ ‘ஆம்’ என்றால் ருமட்டாலஜிஸ்ட் பார்க்க வேண்டும். இந்தப் படிவம் முதுகெலும்பைப் பற்றிக் கேட்பதில்லை. காலையில் அரை மணிக்கும் மேல் முதுகு விறைத்திருந்தால் அதை நீங்களே சொல்ல வேண்டும்.

போகும்போது இதுவரை போட்ட களிம்பு, மாத்திரை, ஊசிப் பட்டியலும், டி.பி., ஹெபடைட்டிஸ் பி சோதனை முடிவுகளும் கையில் இருக்கட்டும். ஊசி தொடங்கும் முன் அவற்றைக் கேட்பார்கள். விரல் வீங்கிய நாளில் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அப்பாயின்ட்மென்ட் வரும்போது வீக்கம் வடிந்திருக்கும்.