எண்ணிக்கை காட்டாத நீல பம்ப்: ஒன்பது வருட அனுபவம்

குடியாத்தத்தில் இருக்கும் நண்பன் போன வாரம் போன் செய்தான். அவன் மகளுக்கு வீசிங். டாக்டர் நீல பம்ப், அதாவது வாயில் வைத்து அடித்து இழுக்கிற நீல இன்ஹேலர், எழுதிக் கொடுத்திருக்கிறார். "மச்சான், இது பழகிப்போயிடுமாமே? எங்க அம்மா வேணவே வேணாங்கறாங்க. நீ இத்தனை வருஷமா அடிக்கிறியே, சொல்லுடா" என்றான். அன்றைக்கு மண்டியில் லாரி வந்து நின்றிருந்ததால் சரியாகப் பேச முடியவில்லை. சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

போதைப் பழக்கம் மாதிரி இது பழகாது. நீல பம்பில் இருக்கும் மருந்தான சால்பியூட்டமால் செய்யும் வேலை ஒன்றுதான். இறுகிப்போன மூச்சுக்குழாயின் தசையைத் தளர்த்திவிடும். சில நிமிடத்தில் மூச்சு திறக்கும், நாலைந்து மணி நேரம் தாங்கும். எனக்கு ஆரம்பத்தில் கை லேசாக நடுங்கியது, நெஞ்சு படபடத்தது, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. அரிசி மண்டியில் கணக்கு எழுதுபவன் நான். தவிட்டுத் தூசி பறக்கிற இடத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்க முடிகிறது என்றால் இந்த மருந்தால்தான். மருந்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது.

என் கோபமெல்லாம் அது அடைத்து வருகிற டப்பாவின் மேல்தான். உள்ளே எத்தனை மிச்சம் இருக்கிறது என்று அது சொல்லவே சொல்லாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் போகி. சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் விடியற்காலை நாலரைக்கே பழைய பாயும் டயரும் எரிய ஆரம்பித்துவிட்டன. மார்கழிப் பனியில் புகை மேலே போகாமல் ஜன்னல் உயரத்திலேயே நின்றது. எழுந்து உட்கார்ந்தேன், இழுத்தது. பம்ப் அடித்தேன். வழக்கமான சத்தம், தொண்டையில் வழக்கமான சில்லிப்பு. மூச்சு மட்டும் திறக்கவில்லை. மறுபடி அடித்தேன், அப்புறம் மறுபடி. எட்டு முறை அடித்தும் ஒரு வாக்கியம் முழுதாகச் சொல்ல முடியவில்லை. மச்சினன் பைக்கில் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மருந்தைப் பனி மாதிரி ஆக்கி முகமூடி வழியே கொடுக்கிற நெபுலைசர் வைத்த பிறகுதான் பேச்சு வந்தது.

டியூட்டி டாக்டர் என் பம்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "எப்ப வாங்கினது? இதுவரைக்கும் எத்தனை அடிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. ஒரு டப்பாவில் 200 அடி. அந்த 200 முடிந்த பிறகும் மருந்தைத் தள்ளுகிற வாயு உள்ளே கொஞ்சம் மிஞ்சி இருக்கும். அழுத்தினால் சத்தம் வரும், சில்லென்று இருக்கும், ஆனால் வேண்டிய அளவு மருந்து வராது. குலுக்கிப் பார்த்தாலும் தெரியாது. தண்ணீரில் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கச் சொல்வார்களே, அதையும் நம்பக் கூடாது. டப்பாவின் வால்வில் தண்ணீர் போனால் அதுவும் கெடும்.

ஒவ்வொரு அடிக்கும் ஒரே அளவு மருந்து தருகிற முதல் பம்ப் 1956ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. புதிதாக வரும் பம்புகளில் எண்ணிக்கை காட்டும் வசதி வேண்டும் என்று அந்த நாட்டு மருந்துத் துறை 2003லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. இன்றைக்கும் நான் கடையில் கேட்டால் கையில் கொடுப்பது எண்ணிக்கை இல்லாததைத்தான். ஸ்கூட்டருக்கு பெட்ரோல் முள் இருக்கிறது, கேஸ் சிலிண்டருக்கு எடை போட்டுப் பார்க்கிறோம். மூச்சு நிற்கப்போகிற நேரத்தில் கையில் எடுக்கிற சாமானுக்கு ஒன்றும் இல்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அன்றிலிருந்து என் மனைவி ஒரு வழி வைத்தாள். புது டப்பா பிரித்த தேதியை ஸ்கெட்ச் பேனாவால் அதன் மேலேயே எழுதுவது. ஒவ்வொரு அடிக்கும் பால் கணக்கு மாதிரி மாதக் காலண்டரில் ஒரு கோடு, நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. பிரித்தவுடன் காற்றில் அடித்துப் பார்க்கிற நாலு அடியும் கணக்கில் சேரும். 170 கோடு வந்ததும் அடுத்த டப்பா வீட்டில் இருக்க வேண்டும்.

டப்பா காலியாவது தெரியவேண்டும் என்றுதான் கோடு போட ஆரம்பித்தோம். அது வேறு ஒன்றையும் காட்டிக்கொடுத்தது. ஆறு வாரத்தில் 200 கோடு. அந்தக் காலண்டர் தாளைக் கிழித்து டாக்டரிடம் கொண்டுபோனேன். வருடத்துக்கு மூன்று டப்பாவும் அதற்கு மேலும் ஆகிறதென்றாலே ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை, பெரிய இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது என்றார். நான் போகிற வேகத்தில் எட்டு டப்பா ஆகியிருக்கும். நீல பம்ப் தசையைத் தளர்த்துமே தவிர, மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைப்பது தினமும் இழுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலர். ஆஸ்துமாக்காரர்கள் நீல பம்பை மட்டும் நம்பி ஓட்டக் கூடாது என்று 2019லிருந்து ஜீனா என்கிற உலக ஆஸ்துமா அமைப்பின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறதாம். எனக்கு எழுதிக் கொடுத்த தினசரி இன்ஹேலரை 'நல்லாத்தானே இருக்கேன்' என்று நானாகவே நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மறுபடி ஆரம்பித்தேன். அதை இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும்.

சந்தோஷமான விஷயம் ஸ்பேசர், பம்புக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டுகிற சாமான். பெரிய பிளாஸ்டிக் குடுவை மாதிரி இருக்கிறது, பையில் அடங்காது என்று பல வருடம் ஒதுக்கியே வைத்திருந்தேன். நேராக வாயில் வைத்து அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும், மூச்சு வாங்கும்போது அது கைகூடாது. ஸ்பேசரில் அந்த அவசரம் இல்லை. பம்பை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் மாட்டி, மூச்சை வெளியே விட்டு, வாயை இறுக்கமாக வைத்து ஒரே ஒரு அடி. மெதுவாக இழுத்து, பத்து எண்ணும் வரை மூச்சை அடக்கி விடவேண்டும். அரை நிமிடம் கழித்து, மறுபடி குலுக்கி, அடுத்தது. சேர்த்து இரண்டு அடி அடித்துவிட்டு இழுக்கக் கூடாது. முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது எனக்கு. குழந்தைக்கு ஸ்பேசர் இல்லாமல் கொடுக்கவே கொடுக்காதே என்று நண்பனிடம் சொல்லிவிட்டேன். சின்னப் பிள்ளை என்றால் முகமூடி வைத்ததும் கிடைக்கும். எத்தனை அடி என்பதை அவள் டாக்டரிடம் எழுதி வாங்கிப் பள்ளிக்கூடத்திலும் ஒரு பிரதி கொடுக்கச் சொன்னேன்.

ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காயவிட வேண்டும், துணியால் துடைத்தால் மின்னூட்டம் ஏறி மருந்து சுவரில் ஒட்டும். பம்பின் பிளாஸ்டிக் கூட்டை வாரம் ஒருமுறை டப்பாவைக் கழற்றிவிட்டுக் கழுவினால் வாய்ப்பக்கம் அடைக்காது. நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் பைக் பெட்டிக்குள் பம்பை வைத்துவிட்டுப் போகாதீர்கள், 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாத சாமான் அது.

இன்னொன்று. இழுப்பு வந்தால் படுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாக இடைவெளி விட்டுப் பத்து அடி வரை போயும் தீரவில்லை என்றால் 108 கூப்பிட வேண்டும். பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால், பத்தாவது வரைகூடக் காத்திருக்காமல் உடனே கூப்பிட வேண்டும். நான் அன்றைக்குப் பைக்கில் போனது தப்பு.

சரி, வாங்கலாமா என்றால், எண்ணிக்கை காட்டுகிற பம்பும் சந்தையில் உண்டு. அதைத்தான் வாங்கச் சொல்வேன், விலை கூடினாலும். இந்தக் குருட்டு டப்பாவை யாருக்கும் சிபாரிசு செய்ய எனக்கு மனசு வராது. ஆனால் நேற்று சாயந்திரம் கடையில் அது இல்லை என்றார்கள். வெறும் கையோடு வீட்டுக்கு வர பயமாக இருந்தது, இதையே வாங்கி வந்தேன். தேதி எழுதியாகிவிட்டது. காலண்டரில் இன்று காலை வரை நாலு கோடு, நாலும் காற்றில் அடித்துப் பார்த்தது.