பச்சை டிக்கை நம்பி அப்பாவின் வீடியோக்களை இழந்தோம்

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆன்லைன் பேக்கப் (ஃபைல்களை இணையத்தில் நகலெடுத்து வைக்கும் சேவை) வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ‘அன்லிமிடெட்’ என்று விளம்பரப்படுத்திய ஒரு சேவையில் சேர்ந்தேன். முதல் வருடத்துக்கு 1,999 ரூபாய். கம்ப்யூட்டரில் மொத்தம் 600 ஜிபி இருந்தது. அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போனபோது எடுத்தவை, பிள்ளைகளின் படங்கள், வீட்டுப் பத்திரங்கள் எல்லாம் அதில்தான். ராத்திரி மென்பொருளை ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் பச்சை டிக், கீழே ‘உங்கள் கம்ப்யூட்டர் பாதுகாப்பாக உள்ளது’ என்ற வரி.

அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எங்கள் பிராட்பேண்டின் அப்லோட் வேகம் 20 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 20 மெகாபிட், 2.5 எம்பிதான். அதில் 600 ஜிபி ஏற, இடைவிடாமல் ஓடினாலும் கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும். எட்டு மணி நேரத்தில் 72 ஜிபிக்கு மேல் ஏறாது. இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது எல்லாம் போன பிறகுதான்.

போன தை மாதம் ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. “ஹெட் போயிடுச்சு சார். சென்னைக்கு அனுப்பிப் பார்க்கலாம், இருபதாயிரத்துக்கு மேல ஆகும். டேட்டா வரும்னு சொல்ல முடியாது” என்றார் சர்வீஸ் கடைக்காரர். பேக்கப்தான் இருக்கிறதே என்று டிஸ்கை அவரிடமே விட்டுவிட்டுப் புதிது வாங்கி வந்தேன்.

பேக்கப்பில் இருந்ததைப் புது டிஸ்கில் இறக்கி ரீஸ்டோர் செய்தேன். திருக்கடையூர் ஃபோல்டரில் மாலை மாற்றிய படம் இருந்தது, கலச நீர் ஊற்றும்போது அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்ட படமும் இருந்தது. வீடியோ ஒன்றுகூட இல்லை. அப்பா இப்போது எங்களோடு இல்லை. அவர் பேசுவதும் சிரிப்பதும் அந்த வீடியோக்களில் மட்டும்தான் இருந்தன. கடைக்கு ஓடினேன், பழைய டிஸ்க் ஸ்கிராப்புக்குப் போய்விட்டிருந்தது.

மூன்று நாள் விடாமல் கேட்ட பிறகு அந்த நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது: வீடியோ ஃபைல்கள் தானாகச் சேராது, வாடிக்கையாளர்தான் செட்டிங்கில் டிக் செய்ய வேண்டும், விதிமுறையில் இருக்கிறதாம். அப்படியானால் கம்ப்யூட்டர் பாதுகாப்பாக உள்ளது என்று எதற்குக் காட்டினீர்கள்? இதற்கு இன்றுவரை பதில் இல்லை.

இதற்கிடையில் இரண்டாம் வருடத்துக்கு 5,400 ரூபாய் தானாகவே எடுத்திருந்தார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படிப்பட்ட ஆட்டோ டெபிட்டுக்கு 15,000 ரூபாய் வரை ஓடிபி வராது. 24 மணி நேரம் முன்பு தகவல் மட்டும் வரும். அந்த எஸ்எம்எஸ் விளம்பரங்களுக்கு நடுவே என் கண்ணில் படவில்லை.

சரி, நீங்கள் என்ன பார்க்க வேண்டும்? விலையைவிட முதலில் எது சேராது என்று கேளுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்கை 30 நாள் இணைக்காவிட்டால் அதன் பேக்கப்பையே அழித்துவிடும் சேவைகளும் உண்டு. அப்புறம், கூகுள் டிரைவ் மாதிரி சிங்க் ஆவதைப் பேக்கப் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், டிராஷில் 30 நாள்தான் இருக்கும். சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு பெரிய வீடியோவை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி, கடைசி வரை ஓட்டிப் பாருங்கள்.

போன வாரம் தம்பியின் கம்ப்யூட்டரில் அதே மென்பொருளைத் திறந்து பார்த்தேன். வீடியோவுக்கு நேரே இருக்கும் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.